க்வெரி இப்போது யார் கையில் இருக்கிறது? ரெட்கேப்பின் தரவு முரண்பாட்டு வசதி: ஒரு மதிப்பீடு

நீரிழிவு மருந்து ஒன்றுக்கான ஆய்வில், கடந்த சில மாதங்களின் சர்க்கரை அளவை உணர்த்தும் ஹெச்.பி.ஏ.1.சி. கட்டத்தில் 39 என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் சதவீதத்தை எழுத வேண்டும்; 39 சதவீதம் என்பது நடைமுறையில் எந்த நோயாளியிடமும் எதிர்பார்க்க முடியாத அளவு. ஆனால் ஆய்வகம் மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்ற அலகில் அறிக்கை தந்திருந்தால், 39 என்பது ஏறத்தாழ 5.7 சதவீதத்துக்குச் சமமாகிவிடும். எண் சரிதான், அலகுதான் மாறியிருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல; எந்த மென்பொருளும் செய்துவிடும். கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றி எழுப்பும் கேள்வி, அதாவது 'க்வெரி', யாரிடம் போகிறது, யார் மூல ஆவணத்தை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்கிறார், அந்தப் பதில் போதுமென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, இன்றைய தேதியில் அது யாருடைய மேசையில் நிற்கிறது என்பவைதான் கடினமானவை. தரவு மேலாண்மையில் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது.

இந்தக் கண்ணோட்டத்தில்தான், ஆய்வுத் தரவுகளைச் சேகரிக்கப் பயன்படும் ரெட்கேப் மென்பொருளின் 'டேட்டா ரெசல்யூஷன் ஒர்க்ஃப்ளோ' வசதியை இங்கே மதிப்பிடுகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் உருவாகத் தொடங்கிய இந்த மென்பொருளை, இலாப நோக்கற்ற நிறுவனங்கள் அந்தப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணமின்றித் தங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். மருந்து நிறுவனங்களின் பெரிய ஆய்வுகளுக்கு வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளும் ஆராய்ச்சி மையங்களும் தாங்களே முன்னெடுக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் ரெட்கேப்பைத்தான் பார்க்கிறோம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் டேட்டா மேனேஜராகப் பணிபுரியும் நான் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்த வசதி தானாக இயங்கிக்கொண்டிருப்பதில்லை என்பது. புதிதாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கும்போது இயல்பாக அமைந்திருப்பது 'ஃபீல்டு கமென்ட் லாக்' என்ற குறிப்புப் பதிவேடு மட்டுமே. அதில் எந்தக் கட்டத்தின் பக்கத்திலும் குறிப்பு எழுதலாம். ஆனால் அந்தக் குறிப்புக்கு நிலை என்று எதுவும் கிடையாது. திறந்திருக்கிறது, பதில் வந்துவிட்டது, மூடப்பட்டது என்று அது எதையும் சொல்லாது. ப்ராஜெக்ட் அமைப்புப் பக்கத்தில் உள்ள கூடுதல் விருப்பங்களுக்குள் சென்று அதை மாற்றினால்தான் க்வெரி என்ற கருத்தே உள்ளே வருகிறது. இதை முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். பாதி ஆய்வு குறிப்புகளிலும் மீதி ஆய்வு க்வெரிகளிலும் நடந்து முடிந்த ஒரு தரவுத்தளத்தை, இனி யாரும் மாற்ற முடியாதபடி மூடும் இறுதிப் பூட்டுக்குத் தயார்செய்த அனுபவம் எனக்கு உண்டு. பழைய குறிப்புகளில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதைத் தவிர அப்போது வேறு வழி இருக்கவில்லை.

வசதியை இயக்கியதும் ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் சிறிய பலூன் போன்ற சின்னம் தோன்றுகிறது. மேலே சொன்ன 39-ஐ எடுத்துக்கொண்டால், டேட்டா மேனேஜர் அந்தப் பலூனைச் சொடுக்கி, க்வெரியைத் திறந்து, கேள்வியை எழுதி, விரும்பினால் குறிப்பிட்ட ஒரு பயனரின் பெயரில் ஒப்படைக்கலாம். அவருக்கு மின்னஞ்சலும் அனுப்பலாம். சின்னம் சிவப்பாகிறது. மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் ஆய்வக அறிக்கையைப் பார்த்து, மதிப்பைத் திருத்தி, தயாராக இருக்கும் பட்டியலிலிருந்து பதிலின் வகையைத் தேர்ந்தெடுத்து, விளக்கம் எழுதுகிறார். தேவையானால் கோப்பும் இணைக்கலாம். சின்னம் நீலமாகிறது. டேட்டா மேனேஜர் பதிலைப் பார்த்து மூடலாம், அல்லது மேலும் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பலாம். இந்த உரையாடல் முழுவதும் யார், எப்போது, என்ன சொன்னார் என்ற விவரத்தோடு அந்தக் கட்டத்திலேயே நிலைத்திருக்கிறது. 'ரிசால்வ் இஷ்யூஸ்' பக்கத்தில் எல்லா க்வெரிகளும் ஒரே பட்டியலாக வருகின்றன. நிலை, கட்டம், ஒப்படைக்கப்பட்டவர், மருத்துவமனை என்று வடிகட்டிப் பார்க்கலாம்.

இரண்டே தரப்புகள் உள்ள ஆய்வுக்கு இது மிகப் பொருத்தமானது. சிவப்பு என்றால் மருத்துவமனையின் கையில், நீலம் என்றால் டேட்டா மேனேஜரின் கையில். காலையில் வந்ததும் நான் நீலத்தை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறேன். ஒருங்கிணைப்பாளர் சிவப்பை மட்டும் பார்க்கிறார். நிலையின் பெயரே அடுத்து யார் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரு பரிசீலனை நிலைக்கு இதைவிட முக்கியமான கடமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு நிலையையும் மனமாரப் பாராட்ட வேண்டும். முரண்பாடு எதுவும் இல்லாவிட்டாலும், மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு மதிப்பைச் 'சரிபார்க்கப்பட்டது' என்று குறித்துவைக்கலாம். பின்னர் யாரேனும் அந்த மதிப்பை மாற்றினால், அந்தக் குறி தானாகவே நீங்கி, 'சரிபார்ப்பு விலக்கப்பட்டது' என்ற நிலைக்கு அது வந்துவிடுகிறது. மானிட்டர், அதாவது மருத்துவமனையின் பதிவுகளை ஆய்வின் சார்பில் சரிபார்ப்பவர், மூல ஆவணங்களைப் பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு மதிப்பு மாறியிருப்பது எங்கள் துறையில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் விஷயம். மாற்றப் பதிவேட்டில் அது இருக்கும்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதைத் தேடுவது வேறு, நிலையே மாறி நம்மை அழைப்பது வேறு. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான ஐ.சி.எச். இ6 நெறிமுறை எதிர்பார்க்கும் ஒழுங்கு, அதாவது மாற்றம் எதுவாயினும் பழைய பதிவை மறைக்காமலும் தடம் பிடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது, இங்கே பயனரின் நினைவாற்றலை நம்பாமல் மென்பொருளின் நடத்தையாகவே அமைந்திருக்கிறது.

முரண்பாடுகளைக் கண்டுபிடிக்கும் பகுதி தனியாக இருக்கிறது. தரவின் தரத்தைச் சோதிக்கும் அந்தப் பக்கத்தில் ஏ முதல் ஐ வரை ஒன்பது விதிகள் தயாராக உள்ளன: விடுபட்ட மதிப்புகள், வரம்புக்கு வெளியே உள்ள எண்கள், மறைக்கப்பட்ட கட்டத்தில் தங்கிவிட்ட மதிப்புகள், கணக்கீட்டுக் கட்டங்களில் உள்ள தவறுகள் போன்றவற்றை அவை தேடுகின்றன. இவற்றுக்கு மேல் நம் ஆய்வுக்கேற்ற விதிகளை நாமே எழுதலாம். கீழ் இரத்த அழுத்தம் மேல் இரத்த அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது, சிகிச்சை தொடங்கிய நாள் ஒப்புதல் கையெழுத்திட்ட நாளுக்கு முன்பாக இருக்கக் கூடாது என்பவை பெரும்பாலும் எல்லா ஆய்வுகளிலும் எழுதப்படுபவை. நாம் எழுதும் விதியைப் படிவத்தைச் சேமிக்கும் நேரத்திலேயே இயங்கும்படியும் வைக்கலாம். அப்போது திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. ஆனால் எச்சரிக்கையோடு அது நின்றுவிடுகிறது. விதி தவறியதற்காக க்வெரி தானாகத் திறப்பதில்லை. ஒரு மனிதர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். மெடிடேட்டா ரேவ் போன்ற மென்பொருள்களில் சோதனை விதியே க்வெரியைத் திறந்துவிடுகிறது. ஆரக்கிள் கிளினிக்கலில் சரிபார்ப்பு ஓடும்போது முரண்பாடுகள் தாமாகவே பதிவாகின்றன. அங்கிருந்து வருபவர்கள் ரெட்கேப்பில் முதலில் தடுமாறும் இடம் இதுதான். வாரத்தில் எந்த நாள், யார் விதிகளை ஓட்டுவார் என்று தரவு மேலாண்மைத் திட்டத்திலேயே எழுதிவைக்காவிட்டால் முரண்பாடுகள் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கும்.

அதே பக்கத்தில், ஒரு முரண்பாட்டைப் பட்டியலிலிருந்து விலக்கிவைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. அதைத் தவிர்க்கும்படி என்னோடு பணிபுரிகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விலக்கப்பட்டது எண்ணிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதையே க்வெரியாகத் திறந்து, 'மதிப்பு சரியானதே' என்ற பதில் வகையோடு மூடினால், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் தணிக்கையாளருக்கும் தெரியும்.

இனி உள்ளமைவின் மையப்பகுதிக்கு வருகிறேன். ரெட்கேப்பில் நிலைகளின் பெயரையோ எண்ணிக்கையையோ நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, எந்தப் பயனர் எந்த நிலைமாற்றத்தைச் செய்யலாம் என்ற உரிமை மட்டுமே. அந்த உரிமை ஆறு வகையில் கிடைக்கிறது: அனுமதி இல்லை, பார்க்க மட்டும், திறந்த க்வெரிகளுக்குப் பதில் மட்டும், திறக்க மட்டும், திறக்கவும் பதில் சொல்லவும், திறக்கவும் மூடவும் பதில் சொல்லவும். மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளருக்குப் பதில் மட்டும் போதுமானது. புள்ளியியலாளருக்குப் பார்க்கும் உரிமை போதும். ஆனால் மானிட்டருக்கு எதைத் தருவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. அவர் தாம் திறந்ததைத் தாமே மூட வேண்டும் என்பது பல ஆய்வுகளின் நடைமுறை. ஆனால் மருத்துவமனையின் சார்பில் பதில் எழுதும் உரிமை அவருக்கு ஒருபோதும் இருக்கக் கூடாது. திறக்கவும் மூடவும் மட்டும் அனுமதித்து, பதில் சொல்வதைத் தடுக்கும் உரிமை அந்த ஆறில் இல்லை. மூடும் உரிமை வேண்டுமென்றால் பதில் சொல்லும் உரிமையும் சேர்ந்தே வருகிறது.

சிறிய விஷயம் என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்டவரே பதிலும் எழுதி, தாமே மூடுவதற்கு மென்பொருள் இடம் தந்தால், முரண்பாடு தீர்ந்ததாகக் காட்டும் பதிவின் மதிப்பே குறைகிறது. தரவு நோயாளியுடையது, அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் அவரைப் பார்த்த மருத்துவமனை. எனவே இந்த இடைவெளியைச் செயல்முறை ஆவணத்தின் மூலம் அடைக்க வேண்டியிருக்கிறது: மானிட்டரும் டேட்டா மேனேஜரும் பதில் எழுதக் கூடாது என்று எழுத்தில் வைத்து, க்வெரி பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, திறந்தவரும் பதில் சொன்னவரும் ஒருவராக இருக்கும் வரிகள் உண்டா என்று மாதந்தோறும் பார்த்து வருகிறோம். வேலை நடக்கிறது, ஆனால் அந்த வேலை மென்பொருளுடையது. மேலும் இந்த உரிமை ப்ராஜெக்ட் முழுவதற்கும் பொதுவானது. பாதுகாப்புப் படிவங்களில் ஒருவர், ஆய்வகப் படிவங்களில் இன்னொருவர் என்று க்வெரி உரிமையைப் பிரித்துத் தர இயலாது. மருத்துவமனை வாரியாக மட்டும் டேட்டா ஆக்செஸ் குரூப் என்ற வசதியால் பிரித்துவைக்கலாம். ஒரு மருத்துவமனையின் க்வெரி இன்னொரு மருத்துவமனைக்குத் தெரியாமல் அது காக்கிறது.

மூன்றாவது தரப்பு உள்ளே வரும்போது நிலைகளின் போதாமை வெளிப்படையாகத் தெரிகிறது. ஓர் எடுத்துக்காட்டு: பிற மருந்துகளுக்கான படிவத்தில் பாராசிட்டமால் பதிவாகியிருக்கிறது, காரணம் தலைவலி என்று எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் பாதக நிகழ்வுகளுக்கான, அதாவது ஆய்வின்போது நோயாளிக்கு ஏற்படும் உடல்நலக் கேடுகளுக்கான, படிவத்தில் தலைவலி இல்லை. க்வெரி போகிறது. நோயாளிக்கு இது பல ஆண்டுகளாக இருக்கும் தலைவலி, ஆகவே இதைப் பாதக நிகழ்வாக முதன்மை ஆய்வாளர் கருதவில்லை என்று பதில் வருகிறது. இந்தப் பதிலை ஏற்பதா என்று தீர்மானிக்க டேட்டா மேனேஜருக்குத் தகுதியில்லை. ஆய்வின் மருத்துவ மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். அவர் பார்க்கும் வரையில் அந்த க்வெரியின் நிலை என்ன? ரெட்கேப்பில் அது 'பதில் வந்தது' என்ற நிலையிலேயே நிற்கிறது. என் கையில் இருப்பவையும் மருத்துவரின் கையில் இருப்பவையும் ஒரே நீலத்தில் கலந்துவிடுகின்றன. தீர்வுக்கு எடுத்துக்கொண்ட நாட்களைக் காட்டும் வரைபடங்கள் இதில் இருக்கின்றன, அவை பயனுள்ளவையே. ஆனால் மருத்துவருக்காகக் காத்திருந்த நாட்களும் என் தாமதமாகவே அங்கே தோன்றும். மருத்துவரின் பெயரில் ஒப்படைத்து, ஒப்படைக்கப்பட்டவர் என்ற வடிகட்டியைப் பயன்படுத்துவதே நாங்கள் கடைப்பிடிக்கும் மாற்று வழி. ஒப்படைப்பது பொறுப்பின் பெயரில் இல்லாமல் ஆளின் பெயரில் நடப்பதால், அந்த மருத்துவர் விடுப்பில் போனாலோ பணி மாறினாலோ அவர் பெயரில் தங்கியவற்றைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆரக்கிள் கிளினிக்கல் இந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறுவிதமாக விடை தந்திருக்கிறது. அதில் முரண்பாட்டின் பரிசீலனை நிலைகளே ஒரு குறியீட்டுப் பட்டியலாக வைக்கப்பட்டிருக்கின்றன. நிறுவனம் தன் நடைமுறைக்கேற்ப அதில் புதிய நிலைகளைச் சேர்க்கலாம். மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஆர்.டி.சி. திரையில், உள்நுழைந்திருப்பவரின் பொறுப்பைப் பொறுத்து, அவர் செயல்பட வேண்டிய முரண்பாடுகள் சிவப்பாகவும், வேறொருவர் செயல்பட வேண்டியவை மஞ்சளாகவும் தெரிகின்றன. ஒரே முரண்பாடு ஒருங்கிணைப்பாளருக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள்; அவர் அனுப்பியதும் எனக்குச் சிவப்பு, அவருக்கு மஞ்சள். நிலைகள் எத்தனை இருந்தாலும், பயனர் தெரிந்துகொள்ள வேண்டியது 'இது என்னுடையதா, இல்லையா' என்பது மட்டும்தான் என்று அந்த வடிவமைப்பு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ரேவில், க்வெரி எந்தக் குழுவிடமிருந்து வந்தது என்பதைக் குறிக்கும் 'மார்க்கிங் குரூப்' உண்டு. பதில் கட்டாயமா, ஆள் பார்த்துத்தான் மூட வேண்டுமா என்பதையும் ஒவ்வொரு சோதனைக்கும் அமைக்கலாம். ஓப்பன்கிளினிக்காவின் பழைய திறந்த மூலப் பதிப்பில் நிலைகள் ரெட்கேப்பைப்போல் நிலையானவைதான். ஆனால் 'புதுப்பிக்கப்பட்டது', 'தீர்வு முன்மொழியப்பட்டது' என்று பதிலையே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கூடுதல் தகவல் தருவதையும், முடிந்துவிட்டது என்று சொல்வதையும் மருத்துவமனை வேறுபடுத்திக் காட்ட அது உதவியது. ரெட்கேப்பில் அந்த வேறுபாட்டை விளக்கத்தைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

இப்படிச் சொல்வதால், நிலைகளை விருப்பம்போல் சேர்க்கும் சுதந்திரம் எப்போதும் நல்லது என்று நான் கருதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு நான் பணிபுரிந்த ஓரிடத்தில், வேறொரு மென்பொருளில், ஒவ்வோர் ஆய்வுக் குழுவும் தன் வசதிக்காக ஒரு நிலையைச் சேர்த்துக்கொண்டே வந்தது. 'பரிசீலனையில்', 'மறுபரிசீலனையில்', 'உள் பரிசீலனையில்' என்று மூன்று நிலைகள் அருகருகே இருந்தன. அவற்றுக்கிடையே என்ன வேறுபாடு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். தரவுத்தளத்தைப் பூட்டும் வாரத்தில்தான், எந்தப் பொறுப்பின் பட்டியலிலும் தோன்றாத ஒரு நிலையில் சில க்வெரிகள் மாதக்கணக்காக உறங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவற்றில் ஒன்று, நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதியைப் பற்றியது. அன்று எனக்கு ஏற்பட்ட கலக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு எந்த மென்பொருளிலும் புதிய நிலை ஒன்றைக் கேட்டு யாரேனும் வந்தால், இந்த நிலையில் இருக்கும் க்வெரியைக் காலையில் வந்து யார் பார்ப்பார், அவர் பார்த்த பிறகு அது எந்த நிலைக்குப் போகும் என்று இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல்லில் விடை வராவிட்டால் அந்த நிலை தேவையில்லை. ரெட்கேப்பின் இறுக்கம் இந்த ஆபத்திலிருந்து நம்மை முழுமையாகக் காப்பாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். ரெட்கேப்பில் ஒவ்வொரு படிவத்துக்கும் தனியாக முழுமையற்றது, சரிபார்க்கப்படாதது, முழுமையானது என்ற மூன்று நிலைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களாக இருக்கின்றன. இவற்றுக்கும் க்வெரியின் நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பச்சை வட்டம் உள்ள படிவத்தில் தீராத க்வெரி இருக்கலாம். எல்லா க்வெரிகளும் மூடப்பட்ட படிவம் சிவப்பாகவே நிற்கலாம். எனவே 'எல்லாம் பச்சையாகிவிட்டது' என்று மருத்துவமனை சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பயிற்சி நாளிலேயே இதைத் தெளிவாக விளக்கிவிட வேண்டும். அதேபோல், மதிப்பைத் திருத்தியதாலேயே க்வெரி மூடிக்கொள்ளாது. 39 என்பதை 5.7 என்று திருத்திவிட்டுப் பதில் எழுதாமல் போய்விடும் ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. அவர்கள் பார்வையில் வேலை முடிந்துவிட்டது, பட்டியலில் அது சிவப்பாகவே இருக்கும். பதில் வகைகளின் பட்டியலிலும் எழுத்துப் பிழை, தவறான மூல ஆவணம், மதிப்பு சரியானதே, பிற என்பன போன்றவை இருக்கின்றனவே தவிர, அலகு மாற்றம் போன்று நம் ஆய்வுக்கே உரிய காரணத்துக்கு இடமில்லை. அதனால் 'பிற' என்பதே அதிகம் தேர்வாகி, எந்த வகைப் பிழை மிகுதி என்ற ஆய்வுக்கு அந்தப் பட்டியல் பயன்படாமல் போகிறது.

செலவையும் ஒழுங்குமுறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சர்வர், நிர்வாகி, சரிபார்ப்பு ஆவணங்கள் ஆகிய மூன்றுக்கும் நிறுவனம்தான் பொறுப்பு. மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க ஒழுங்குமுறையின் 21 சி.எஃப்.ஆர். பகுதி 11-க்கு இணங்க வேண்டிய ஆய்வென்றால், மென்பொருளை நிறுவியதாலேயே அந்த இணக்கம் வந்துவிடாது. நிறுவனமே அதைச் சோதித்து நிரூபிக்க வேண்டும்.

ஒரே ஒரு மையம் அல்லது சில மையங்கள், மருத்துவமனையும் டேட்டா மேனேஜரும் என்ற இரண்டு தரப்புகள், பெரிய மென்பொருளுக்குப் பணமில்லாத கல்வி நிறுவன ஆய்வு என்றால் இந்த வசதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மருத்துவ மேற்பார்வை, நோய், மருந்துப் பெயர்களுக்குக் குறியீடு தரும் குழு, ஆய்வகம் என்று நான்கைந்து தரப்புகள் க்வெரியைக் கைமாற்றும், மருந்துக்கு ஒழுங்குமுறை அனுமதி பெறும் நோக்கிலான ஆய்வுக்கு இது போதாது. தேர்ந்தெடுப்பவர்கள், முதல் நோயாளி சேர்வதற்கு முன் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒவ்வொரு பொறுப்பின் பெயரிலும் ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கி, ஒரே க்வெரியைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை ஒவ்வொருவராக நடத்திப் பார்க்க வேண்டும். செய்யக் கூடாதவர் செய்ய முயலும்போது பொத்தான் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உருவாக்குபவர்களிடம் எனக்கு இரண்டே கோரிக்கைகள் இருக்கின்றன: பதில் சொல்லும் உரிமை இல்லாமல் திறக்கவும் மூடவும் அனுமதிக்கும் ஏழாவது உரிமை ஒன்று, க்வெரியை ஆளின் பெயரில் மட்டுமன்றிப் பொறுப்பின் பெயரிலும் ஒப்படைக்கும் வழி ஒன்று. நிலைகளின் எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு இவ்விரண்டை மட்டும் செய்தாலும், பாராசிட்டமால் பற்றிய அந்த க்வெரி மருத்துவரின் பட்டியலில் தானாகப் போய் நிற்கும்.